ஓடும் பஸ்ஸில் ஒரு கமிட்டி

எங்கள் பல்கலைக்கழகத்தின் கிளை மையம் மரக்காணம் உப்பளத்தை ஒட்டி இருக்கிறது. நான் அங்கே லேப் அட்டெண்டர். கண்ணாடிக் குழாய்களைக் கழுவுவேன், மீட்டிங் என்றால் டீ கொடுப்பேன். டீ பற்றி என் வேலை ஆர்டரில் ஒரு வார்த்தை கிடையாது.

மையத்திலிருந்து ஈ.சி.ஆர். பஸ் ஸ்டாப்புக்கு உப்பளத்தின் நடுவே ஒரே ரோடு. நிழலுக்கு ஒரு முருங்கைக் குச்சிகூட இல்லை. பேராசிரியர்களைப் புதுச்சேரிக்கு ஏற்றிப்போகும் மையத்து பஸ், தினமும் சாயங்காலம் பாதி சீட் காலியாக எங்களைத் தாண்டிப் போகும். துப்புரவு ஆட்களும் அட்டெண்டர்களும் புழுதியைத் தின்றுகொண்டு நடப்போம். நாங்கள் ஏறக் கூடாது என்று எங்கேயும் எழுதவில்லை. ஏறலாம் என்றும் எழுதவில்லை. அதனால் ஏறக் கூடாது.

துப்புரவு வேலை பார்க்கும் அக்கா ஒருத்தி, கல்யாணமான நாளிலிருந்து இங்கே சேரும்வரை உப்பளத்தில் உப்பு சுமந்து முட்டி தேய்ந்துபோனவள். இனிமேல் நடக்கவே கூடாது என்று ஜி.எச். டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் பால் வண்டிக்காரர் கொண்டுவந்து விடுவார், சாயங்காலத்துக்கு ஆளில்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தால் வேலையில் இருப்பாள், இல்லாவிட்டால் அந்த மாசத்தோடு நின்றுவிடுவாள். வீட்டில் சம்பாதிப்பது அவள் ஒருத்திதான்.

மையத்தை நடத்தும் கமிட்டியில் ஊழியர் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்று ஆர்டர் வந்திருந்தது. வந்து என்ன? எங்கள் விஷயம் எப்போதும் அஜெண்டாவில் கடைசி. அது வரும்போது சொல்லிவைத்த மாதிரி பஸ் நேரமும் வந்துவிடும். அடுத்த மீட்டிங்கில் பார்க்கலாம் என்று எல்லாரும் எழுந்துவிடுவார்கள். முதல் பிரதிநிதியான ஆபீஸ் கிளார்க் பேச வாயைத் திறந்து, திறந்தபடியே வீட்டுக்குப் போன நாட்கள் உண்டு.

நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. அடுத்த முறை மையத்து பஸ்ஸை ஓட்டும் டிரைவர் அண்ணனையே தேர்ந்தெடுத்தோம். அவர் மீட்டிங்கில் இருக்கிறவரை பஸ் நகராது, பஸ் நகராதவரை ஒரு பேராசிரியரும் நகர முடியாது. பேசித்தானே ஆக வேண்டும்? எங்கள் மூளையை நாங்களே மெச்சிக்கொண்டு அன்றைக்கு கேன்டீனில் வடை தின்றோம்.

கமிட்டித் தலைவர் எங்களைவிடக் கெட்டிக்காரர். பஸ் நேரம் வந்ததும் மீட்டிங்கைத் தள்ளிவைக்கவில்லை, பஸ்ஸுக்கு மாற்றினார். போகிற வழியில் பேசிவிடலாம், நேரமும் மிச்சம் என்றார். ஃபைல்கள் ஏறின, உறுப்பினர்கள் ஏறினார்கள். மீட்டிங் என்றால் டீ வேண்டுமே, ஃபிளாஸ்க்கோடு என்னையும் ஏறச் சொன்னார்கள். இத்தனை வருஷத்தில் அந்த பஸ்ஸுக்குள் நான் கால் வைத்தது அன்றைக்குத்தான்.

பிரதிநிதி ஸ்டியரிங்கில் இருந்தார். அவர் தலைக்கு மேலே, வண்டி ஓடும்போது ஓட்டுநருடன் பேசக் கூடாது என்று போர்டு. விதியை மீறலாமா என்று ஒரு மேடம் கவலைப்பட்டார். தலைவர் யோசித்து, சம்மதம் என்றால் ஒரு ஹாரன், இல்லை என்றால் இரண்டு ஹாரன் என்று முடிவு சொன்னார். நூலகத்துக்கு ஃபேன் வாங்குவதற்கு ஒரு ஹாரன் கிடைத்தது. அடுத்தது, தலைவர் அறைக்குப் புது சோஃபா. அந்த நேரம் பார்த்து ஒரு ஆட்டு மந்தை குறுக்கே வந்தது, ஹாரன் விடாமல் அலறியது. பிரதிநிதியின் கடும் எதிர்ப்பு மினிட்ஸில் ஏறியது.

கடைசியாக, ஊழியர்களை பஸ்ஸில் ஏற்றலாமா என்று தலைவர் படித்தபோது, முன்னால் எங்கள் ஆட்கள் நடந்துபோவது தெரிந்தது. எல்லாருக்கும் பின்னால் அக்கா, ஒரு கையால் முட்டியை அழுத்திக்கொண்டு. நான் மெத்தை சீட்டில் உட்கார்ந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. சீட் அழுக்காகுமா, காலில் ஒட்டிய உப்பு பட்டால் பஸ் துருப்பிடிக்குமா, ஒரு துணைக்கமிட்டி போடலாமா என்று உள்ளே பேச்சு ஓடியது. பிரதிநிதி என்ன நினைக்கிறார் என்று தலைவர் பின்னாலிருந்து சத்தமாகக் கேட்டார்.

அண்ணன் ஹாரன் அடிக்கவில்லை. அக்காவைத் தாண்டி ஓரங்கட்டி நிறுத்தி, கதவைத் திறந்துவிட்டார்.

அந்த ரோட்டில் அந்த பஸ் எங்களுக்காக நின்றதே இல்லை. இன்ஜின் படுத்துக்கொண்டால்தான் நிற்கும். அக்கா மெதுவாக வந்து சேர்ந்தாள். கதவைப் பார்த்தாள். சாப்பாட்டுப் பையை ரோட்டோரம் வைத்தாள், புடவையை இழுத்துச் செருகினாள், பின்பக்கம் போய் பஸ் மேல் இரண்டு கையையும் ஊன்றினாள்.

"தள்ளட்டுமாண்ணா?" என்றாள்.

நான் இறங்கி ஓடினேன். "தள்ள வேணாம்க்கா. ஏறு."

"யாரு சொன்னாங்க?"

ஜன்னலோரம் இருந்த தலைவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஃபைலைப் பார்த்தார். நான் சொல்கிறேன் என்றேன். நீ சொன்னால் ஆச்சா, வா, நீயும் ஒரு கை பிடி என்றாள். அவள் கையைப் பிரித்தெடுத்து, ஏற்றி, தலைவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காரவைத்து, அவருக்கு ஊற்றிய டீயை அவளிடம் கொடுத்தேன்.

அன்றைக்குப் போட்ட துணைக்கமிட்டி இன்னும் கூடவில்லை. அண்ணன் தினமும் நிறுத்துகிறார், அக்கா வேலையை விடவில்லை. ஆனால் இன்றைக்கும் அவள் சீட்டில் சாய்ந்து உட்கார மாட்டாள். எப்போது இறங்கித் தள்ளச் சொல்வார்களோ என்று ஒரு காலைக் கதவுப் பக்கம் நீட்டிக்கொண்டேதான் வருகிறாள்.