தலையைத் தூக்கிய படம்

என் அக்காவுக்குக் கோபம் வந்தால் பக்கத்தில் நிற்க முடியாது. இந்த முறை நானும் கூடச் சேர்ந்து கத்தினேன்.

எங்கள் பக்கத்தில் மாட்டு டாக்டரைப் பார்க்க இரண்டு பஸ் மாற வேண்டும். வயிறு உப்பிய மாடு அதுவரை தாங்காது. அதனால் இருபத்தைந்து வருஷமாக எல்லோரும் அக்கா வீட்டுக் கதவைத்தான் தட்டுகிறார்கள். இஞ்சியும் பூண்டும் இடித்து எண்ணெயில் கலந்து, மூங்கில் குழாயில் ஊற்றி, கடைவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவாள். குழாய் அவள் கையில். மாட்டின் தலை என் கையில். தலை துளி உயர்ந்தாலும் என் காலில் அக்காவின் உதை விழும். "தூக்காதடா, புரையேறி நெஞ்சுக்குள்ள போயிடும்!"

இதை எழுதிக்கொள்ளக் கால்நடை அலுவலகத்திலிருந்து வந்தார்கள். அக்கா ஒன்றையும் ஒளிக்காமல் சொன்னாள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படம் வேண்டும் என்றார்கள். போட்டோ எடுத்தவர், "தலையை நல்லா மேல தூக்குங்க, இந்த அம்மா முகத்தை மறைக்குது" என்றார். குழாய் காலிதானே என்று நானும் தூக்கித் தொலைத்தேன்.

அந்தப் படத்தையே பெரிதாக நோட்டீசில் போட்டு ஊர் ஊராகக் கொடுத்துவிட்டார்கள். போன வாரம் அடுத்த ஊர்த் தையல்காரர் அதைப் பார்த்துத் தன் மாட்டுக்கு மருந்து ஊற்றினார். மூன்றாம் நாள் அது இருமி இருமிச் செத்தது. அவர் சண்டைக்குக்கூட வரவில்லை. நோட்டீசை அக்காவிடம் நீட்டி, "நீங்க பண்ணின மாதிரிதானே பண்ணினேன்" என்றார்.

அன்றே அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி, நோட்டீசின் அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருந்த வரியைக் காட்டினார். "தலையைத் தூக்கக் கூடாதுன்னு தெளிவா போட்டிருக்கோமேம்மா."

"படிக்கத் தெரியாதவங்களுக்குத்தான் படம்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் அக்கா.

"சரி, அடுத்த தடவை அச்சடிக்கும்போது மாத்திடலாம்."

அடுத்த தடவையாம்! செத்த மாட்டுக்கு ஏது அடுத்த தடவை? நானும் அப்படியே கத்தினேன். அக்கா மேசைமேல் இருந்த நோட்டீஸ் கட்டை எடுத்துக் கிழித்துப் போட்டாள். மிச்சம் எந்தெந்த ஊருக்குப் போயிருக்கிறது என்ற பட்டியலைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

முதல் ஊர், முதல் வீடு. கதவைத் திறந்த பெண்ணுக்கு அக்காவைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அட, படத்துல இருக்குறவங்க! வாங்க, வாங்க. எங்க மாட்டுக்கு நேத்து இப்படித்தான் ஊத்தினோம்."

பின்கட்டுக் கொட்டகையில் மாடு இருமிக்கொண்டிருந்தது.