மெல்லிய கையுறை

எங்கள் ஆஸ்பத்திரிக்குப் பசுமைச் சான்றிதழ் வாங்கியே தீருவேன் என்று வெறிபிடித்து அலைந்தார் எங்கள் மேனேஜர். மலாய் நாட்டு ஜார்ஜ்டவுனில் பெரிய தனியார் ஆஸ்பத்திரி. நான் அங்கே துப்புரவு சூப்பர்வைசர். ரத்தம் பட்ட குப்பை மஞ்சள் பையில் போய் எரிக்கப்படும். சாதாரணக் குப்பை கறுப்புப் பையில் போகும். எரிக்கும் குப்பை குறைந்தால் மதிப்பெண் கூடுமாம். அதனால் சந்தேகமானதையெல்லாம் கறுப்புப் பையில் போடச் சொன்னார். பிளாஸ்டிக்கைக் குறைக்கிறோம் என்று எங்கள் தடித்த கையுறைகளையும் பிடுங்கிக்கொண்டு, மக்கிப்போகிற மெல்லிய கையுறைகளைக் கொடுத்தார். வெங்காயத் தோல் மாதிரி இருக்கும்.

என்னோடு பத்து வருசமாக வேலை பார்க்கும் அக்கா ஒரு கறுப்புப் பையைக் கட்டும்போது உள்ளே கிடந்த ஊசி குத்திவிட்டது. யாருக்குப் போட்ட ஊசியோ, தெரியாது. அன்றிலிருந்து ரத்தப் பரிசோதனை, காத்திருப்பு, மறுபடி பரிசோதனை. பாவம், நோய் ஒட்டிவிடுமோ என்று வீட்டில் மகன் குடிக்கிற கிளாசைக்கூடத் தொடமாட்டார். இந்த மேனேஜர் என்ன செய்தார் தெரியுமா? கையுறை சரியாகத்தான் இருந்தது, கவனக்குறைவு அக்காவுடையது என்று கடிதம் எழுதினார். அது எங்கள் காண்ட்ராக்ட் கம்பெனிக்குப் போனால் அக்காவின் வேலை காலி.

"சார், அவங்க மேல தப்பே இல்ல லா," என்று போய்க் கேட்டேன்.

"சான்றிதழ் ஆடிட் முடியட்டும் அக்கா. அப்புறம் கடிதத்த கம்பெனிக்கு அனுப்பிக்கலாம். இப்ப இத பெருசாக்காதீங்க," என்றார், போனைப் பார்த்தபடியே. என்னையும் அவர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

இருடா மவனே என்று மனதுக்குள் கறுவிக்கொண்டேன்.

ஆடிட் நாளுக்கென்று எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. காலையிலேயே நான் குப்பை லோரிக்காரருக்குப் போன் போடுவேன். அவர் வந்து கறுப்புப் பைகளை அள்ளிக்கொண்டு போய்விடுவார். ஆடிட்டர் வந்தால் காலி அறையைத்தான் பார்ப்பார். இந்தத் தடவை நான் போன் போடவில்லை. மேனேஜர் கேட்டபோது, "ஆச்சு சார்," என்றேன். பொய்தான். நாக்குக் கூசவில்லை.

ஆடிட்டர் ஒரு மலாய்ப் பெண்மணி. குப்பை அறைக் கதவைத் திறந்தால் இடுப்பளவுக்குக் கறுப்புப் பைகள். மேனேஜர் முகம் வெளுத்ததே, அடடா, அத்தனை ஆனந்தம் எனக்கு! ஒரு பையைக் காட்டி, பிரியுங்கள் என்று அவரிடம் மலாயில் சொன்னார் அந்தம்மா. நான் ஓடிப்போய் மெல்லிய கையுறையை நீட்டினேன். மேனேஜர் அதை மாட்டிக்கொண்டு முடிச்சை அவிழ்த்தார். மேலாகவே ரத்தம் தோய்ந்த பஞ்சு கிடந்தது. அதை ஒதுக்கி, அடியில் இருப்பதைக் காட்டச் சொன்னார் அந்தம்மா. இவர் கை பைக்குள் இறங்கவே இல்லை.

என் பக்கம் சாய்ந்து தமிழில் கிசுகிசுத்தார். "அக்கா, இதுல ஊசி ஏறிடும் லா. பழைய தடிச்ச கிளவ்ஸ் இருந்தா சீக்கிரம் கொண்டாங்க."

அதை ஒரு வார்த்தை விடாமல் மலாயில், சத்தமாக, ஆடிட்டரிடம் சொன்னேன். ஊசி குத்திய அன்று அக்கா போட்டிருந்ததும் இதே கையுறைதான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அந்தம்மா எழுதிக்கொண்டார்.

"என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க?" என்றார் மேனேஜர்.

"கடிதத்த மாத்தி எழுதுங்க சார். நான் இங்கயே நிக்கிறேன்."

அன்றைக்கே கடிதம் மாறியது. சான்றிதழ் கிடைக்கவில்லை. அக்காவின் வேலை தப்பியது. கடைசிப் பரிசோதனை முடிவு மட்டும் இன்னும் வரவில்லை. அது நல்லபடியாக வந்தாலும் அந்த ஆளை நான் மன்னிக்கமாட்டேன்.