மலை பார்த்த பக்கம்

எங்கள் வீட்டுக் கூரைக்கு இரண்டு சரிவுகள். ஒன்று தெருவைப் பார்த்தது, மற்றது மலையைப் பார்த்தது. அண்ணாமலையார் கோயிலின் பேகோபுரத்துக்குப் பின்னால், மலையேறும் பாதை தொடங்குகிற இடத்தை ஒட்டிய அந்தத் தெருவில் எல்லா வீடுகளும் அப்படித்தான். எல்லாம் சீமை ஓடு. போட்ட புதிதில் சிவப்பாக இருந்திருக்கும். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கறுப்புத்தான். மழைக்காலத்தில் கறுப்பின் மேல் பச்சை. மலைப் பக்கத்துச் சரிவில் பாசி இன்னும் தடிமன். மத்தியானம் திரும்பியதும் மலையின் நிழல் வந்து விழுந்துவிடும் என்பதால் அங்கே ஈரம் காயாது. வீட்டுக்குள்ளே அந்தப் பக்கத்துக் கட்டைகளில் வெள்ளையாகப் பூசணம் பூத்திருக்கும். பாயை உதறினால் ஈரச் சாக்கு வாடை வரும்.

இதை நாங்கள் ஒரு குறையாக நினைத்ததே இல்லை, அக்காவின் மாமியார் வருகிற வரை.

அக்காவைக் கீழ்பென்னாத்தூரில் கொடுத்திருந்தோம். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை விளைகிற நிலம், கிணறு, மாடு, எல்லாவற்றுக்கும் மேல் ஓடில்லாத, தளம் போட்ட மெத்தை வீடு. கல்யாணமான முதல் வருஷம் கார்த்திகை தீபத்துக்கு அக்காவின் மாமியாரான அத்தை புதுப் பட்டுப்புடவையில் எங்கள் வாசலில் வந்து நின்றார். அம்மா ஆரத்தித் தட்டோடு எதிரே போனாள். அந்த நேரம் பார்த்துக் கூரைமேல் இரண்டு குரங்குகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. ஓட்டின் விளிம்பிலிருந்து சொதசொதவென்று ஒரு பாசிக் கட்டி பெயர்ந்து, அளவெடுத்தாற்போல் அத்தையின் தோளில் உட்கார்ந்தது.

அத்தை அதை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். "இன்னா சம்பந்தியம்மா, கூர மேல கீரப் பாத்தி கட்டிக்கிறீங்களா?" என்றார்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஆடிக்கு வந்த அக்கா சொன்னாள், வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதே கதைதானாம். "சம்பந்தி ஊட்ல எனக்குப் பச்ச சால்வ போத்தி மரியாத பண்ணாங்க!" அக்கா அத்தையைப் போலவே இழுத்துப் பேசிக் காட்டினாள். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்த பிறகு அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அம்மா அன்று சாப்பிடவில்லை.

"இந்தத் தீபத்துக்கு அந்தம்மா வாயில நம்ப கூர வரக் கூடாது" என்று ஐப்பசி பிறந்ததும் அப்பாவிடம் சொன்னாள். அப்பாவை நாங்கள் நைனா என்போம். மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்குகிறவர். மலை அசைந்தாலும் அவர் அசைய மாட்டார் என்று தெருவில் சொல்வார்கள்.

"ஓட்டப் பிரிச்சிக் கீழ எறக்கித் தேச்சிடலாமா?" என்றார் நைனா.

"மழ மாசத்துல கூரயப் பிரிப்பியா நீ? நல்லா இருக்குது யோசன!"

அப்போது நான் வாயைத் திறந்தேன். பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பள்ளிக்கூடத்தில் அவ்வளவு தூரம் போனவர் யாரும் கிடையாது. அதை ஒரு நாளைக்கு ஒரு முறையாவது யாருக்காவது நினைவூட்டாமல் எனக்குத் தூக்கம் வராது.

"பாசியும் ஒரு செடிதாம்மா. பச்சையா இருக்கும்போதே தேச்சா மறுபடியும் மொளைக்கும். மொதல்ல அதச் சாகடிக்கணும். பிளீச்சிங் பவுடர் கரைச்சித் தெளிச்சா செத்துடும், அப்புறம் தேக்கணும். எங்க சயின்ஸ் டீச்சர் சொல்லிக்கிறாங்க."

"யாரு ஏறுறது?" என்றாள் அம்மா.

நைனா ஏறினால் கூரை கீழே வந்துவிடும். அம்மாவுக்கு முக்காலி மேல் நின்றாலே தலை சுற்றும். இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

பக்கத்து வீட்டு பாய், வீடுகளுக்கு வெள்ளையடிக்கிறவர். அவருடைய மூங்கில் ஏணிகள் இரண்டையும் வாங்கி வந்தோம். ஒன்று ஏறுவதற்கு. மற்றொன்றைச் சாக்குச் சுருட்டி அடியில் கொடுத்து ஓட்டின் மேல் படுக்கப் போட்டு, கயிற்றைக் கூரை முகட்டைத் தாண்டி விட்டு எதிர்ப்பக்கத்து மரத்தில் கட்டுவதாக நைனாவின் திட்டம். ஏணியின் மேல்தான் நகர வேண்டும், ஓட்டின் மேல் காலை வைத்தால் உடையும்.

"எந்தப் பக்கம் மொதல்ல?" என்றார் நைனா.

"தெருப் பக்கம். அதுக்குத்தான இவ்ளோ பாடு" என்றாள் அம்மா.

"இல்ல, மலப் பக்கம்" என்றேன் நான். "பாசி அங்கதான் ஜாஸ்தி. அங்கிருந்துதான் பூசணம் உள்ள எறங்குது. நோவு எங்க ஜாஸ்தியோ அங்கதான் மருந்து மொதல்ல."

"நல்லாக் கேட்டுக்க. பின்னாடி பக்கத்த யாருடி பாக்கப் போறா? மலையா பாக்கப் போவுது?"

நான் விடவில்லை. இந்த விஷயத்தில் படித்தது நானா நீயா என்று கூடக் கேட்டதாக நினைவு. நைனா ஒரு முறை அம்மாவைப் பார்த்தார், ஒரு முறை என்னைப் பார்த்தார். "அதான் படிக்க வெச்சிக்கிறோம், சொல்றதக் கேப்போம்" என்று ஏணியைப் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போனார். அம்மா அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களைச் சத்தமாக வைத்தாள்.

பாவாடை மேல் நைனாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறினேன். நைனா கீழிருந்து கயிற்றில் வாளியைக் கட்டி அனுப்புவார். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, தேங்காய் நாரை முக்கி முக்கி ஓடுகளைப் பிளீச்சிங் தண்ணீரால் நனைத்தேன். கண் எரிந்தது. மறுநாள் ஏறிப் பார்த்தபோது பச்சை மெத்தை வறுத்த கீரை மாதிரி பழுப்பாகிச் சுருண்டு கிடந்தது. "செத்துப் போச்சி நைனா!" என்று நான் கத்தியதில் பாய் வீட்டம்மா யாருக்கு என்னவோ என்று வெளியே ஓடி வந்துவிட்டார்.

செத்த பாசியைக் கொட்டாங்கச்சியால் சுரண்டினேன். இரும்பால் சுரண்டினால் ஓட்டின் மேல்தோல் போய்விடும். பிறகு தேய்ந்த துடைப்பக் கட்டையால் தேய்த்தேன். ஆரம்பத்தில் கீழிருந்து மேலாகத் தேய்த்துவிட்டேன். தண்ணீர் ஓடுகளுக்கு அடியில் புகுந்து உள்ளே ஒழுகியது.

"அடியேய்! கொழம்புல வுழுதுடி உன் சயின்ஸு!" என்று அம்மா உள்ளிருந்து கூப்பாடு போட்டாள்.

அதன் பிறகு முகட்டிலிருந்து கீழ்நோக்கியே தேய்த்தேன். குரங்குகள் வரிசையாக பாய் வீட்டுக் கூரையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தன. ஒன்று வந்து தேங்காய் நாரைத் தூக்கிக்கொண்டு போய், தின்று பார்த்துவிட்டுத் துப்பியது. "கூலி குடுக்காம அதுங்ககிட்ட வேல வாங்காத, பாப்பா" என்றார் பாய்.

முதல் ஓடு சிவந்ததை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அரைத்த மிளகாய் நிறம். அதன் முதுகில், செய்த கம்பெனியின் பெயர் இங்கிலீஷ் எழுத்தில் அச்சாகியிருந்தது. நான் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். நைனா வாளிக் கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து நின்றார்.

"இவ்ளோ வருஷமா எழுத்துக்கு அடியிலயா படுத்துக்கினு இருந்தோம்?" என்றார். அடுத்தடுத்த ஓட்டிலும் அதே பெயர்தான் இருந்தது. ஆனாலும் ஒவ்வொன்றையும் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

மலைப் பக்கத்துச் சரிவு முழுக்கச் சிவந்து முடித்த அன்று மாலை வானம் இருண்டது. அன்று பிடித்த மழை விடவே இல்லை. தீபத்துக்குக் கொடியேறியது, உற்சவங்கள் ஒவ்வொன்றாக நடந்தன, மழை மட்டும் நிற்கவில்லை. நனைந்த ஓட்டில் ஏற நைனா விடவில்லை. பிளீச்சிங் தண்ணீர் தெளித்தாலும் மழை கழுவிவிடும். முன்பக்கத்துப் பாசி குடித்துக் குடித்து முன்னைவிடக் கொழுத்தது. அம்மா ஒரு நீளக் கழியை எடுத்துக்கொண்டு விளிம்பில் எட்டிய வரை குத்தித் தள்ளினாள். பாசி அங்கங்கே பெயர்ந்து, விளிம்பு பல் விழுந்த வாய் மாதிரி ஆனதுதான் மிச்சம்.

என்னோடு அவள் பேசவில்லை. நைனாவிடம் சொல்வது போல எனக்குச் சொன்னாள்: "மலைக்குப் பவுடர் போட்டு விட்டாச்சி. மாமியார் பாக்குற பக்கத்துக்குக் கரியப் பூசியாச்சி. பெரியவ அந்த ஊட்ல இன்னும் ஒரு வருஷம் கேக்கட்டும்."

நான் பாடப் புத்தகத்தை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

தீபத்தன்று காலை மழை விட்டது. அக்கா, மாமா, அத்தை மூவரும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். அத்தை தெருவிலேயே நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். கக்கத்திலிருந்த குடையை எடுத்தார். நிதானமாக விரித்தார். ஒரு துளி மழை இல்லாத வெளிச்சத்தில், குடையைத் தலைக்கு மேல் பிடித்தபடி எங்கள் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, பிறகு மடக்கினார்.

"போன வருஷத்துக்கு இப்ப பயிர் நல்லா வெளஞ்சிக்குது" என்றார்.

அக்கா தரையைப் பார்த்தாள். அம்மா சிரித்த சிரிப்பைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

சாப்பிட்டு மூவரும் மலையில் பாதி தூரம் வரை ஏறிவிட்டு, தீபம் ஏற்றுவதற்குள் இறங்கி வருவதாகக் கிளம்பினார்கள். அவர்களைப் போலவே ஊர் உலகமே ஏறிக்கொண்டிருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அக்காவும் மாமாவும் மட்டும் ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார்கள்.

"அம்மா வந்துட்டாங்களா?" என்றார் மாமா, மூச்சு வாங்க.

இறங்கும்போது கூட்டம் நெருக்கியதில் அத்தையின் கை விட்டுப் போய்விட்டது. எங்கள் தெருப் பெயர் அவருக்குத் தெரியாது, வீட்டு எண் தெரியாது. மகனின் பின்னாலேயே வந்து பின்னாலேயே போகிறவர். கீழே ஜனம் ஆறு மாதிரி கோயிலைப் பார்த்து ஓடியது. அதில் விழுந்தவர் எந்தக் கோபுர வாசலில் கரையேறுவார் என்று யார் சொல்ல முடியும்? ஒலிபெருக்கியில் காணாமல் போனவர்களின் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். நைனாவும் மாமாவும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "கூரைக்கே ஒரு வருஷம் பேசுனாங்க. ஆளையே தொலச்சிட்டா இவ எப்பிடி அந்த ஊட்டுக்குத் திரும்பிப் போவா?"

நான் தீபத்துக்கு அகல்களை வைக்கப் பின்பக்கம் போனேன். வேலிப் படலை யாரோ ஆட்டினார்கள்.

"யாரு?"

"உங்கொக்கா மாமியார்டி. தொறடி படல. முள்ளு கிழிக்குது."

புடவை முழங்கால் வரை சேறு. தலையில் இலை. கக்கத்தில் குடை மட்டும் பத்திரமாக இருந்தது. நான் போட்ட சத்தத்தில் அம்மாவும் அக்காவும் ஓடி வந்தார்கள். அக்கா அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதாள். அத்தை அவள் முதுகைத் தட்டி, "நான் தொலஞ்சா உனக்கு நல்லதுதான, ஏன்டி அழுற?" என்றார்.

"எப்பிடி அத்த வழி கண்டுபுடிச்சீங்க?" என்று கேட்டேன்.

"எங்க கண்டுபுடிச்சேன்? அதுவே கூப்ட்டுது." குடையால் எங்கள் கூரையைக் காட்டினார். "மேல நின்னு பாத்தா ஊரே கரிச் சட்டியக் கவுத்து வெச்ச மாதிரி கீது. நடுவுல ஒண்ணே ஒண்ணு செகப்பா. அது யாருதுடான்னு எம் புள்ள கிட்ட கேட்டேன். உன் சம்பந்தி ஊடுதாம்மான்னான். கை விட்டுப் போனதும் எல்லாம் கோயிலப் பாத்து ஓடுது. நான் ஓடல. பாறைக்குப் பாற நின்னு செகப்பு எங்கன்னு பாத்துக்கினு, நேரா எறங்கிட்டேன்."

அக்கா தண்ணீர் கொண்டுவந்து அவர் காலைக் கழுவினாள். கொஞ்ச நேரத்தில் நைனாவும் மாமாவும் வெறுங்கையோடு திரும்பினார்கள். அத்தை பின்பக்கத்துத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து மாமா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

இருட்டத் தொடங்கியது. உச்சியில் தீபம் எழுந்ததும் ஊர் முழுக்க "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்றது. நாங்கள் ஆறு பேரும் பின்பக்கத்திலேயே நின்று கும்பிட்டோம். கும்பிட்ட கையை இறக்காமலே அத்தை அம்மாவின் பக்கம் சாய்ந்தார்.

"முன்னாடியும் தேச்சி வுட்டுடச் சொல்லு சம்பந்தியம்மா. ஒவ்வொரு வாட்டியும் கொடையத் தூக்கிக்கினு வர முடியல."

"தையில வெயில் வந்ததும் தேச்சிடுவா" என்றாள் அம்மா. பிறகு, மலையைப் பார்த்தபடியே, அமைதியாகச் சேர்த்தாள்: "தீபத்துக்கு ஜனம் மேலேருந்து பாக்கும், மலப் பக்கத்த மொதல்ல முடின்னு நாந்தான் சொன்னேன்."

நைனா தொண்டையைக் கனைத்தார். அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு உண்மை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. அதில் தீபத்தின் வெளிச்சம் இருந்திருக்க முடியாது, உச்சி அவ்வளவு தூரம். அகல் விளக்குகளாகத்தான் இருக்கும்.

"ஆமா அத்த" என்றேன். "அம்மா யோசனதான்."