தேவஷினி அளந்த இடம்

குணசுந்தரி கரங்கான் என்ற சிறு ஊரில் மரப்பட்டறை வைத்திருக்கிறாள். சமையலறை அலமாரி, சாமி மேடை, பிள்ளைகள் படிக்கும் மேசை, யார் எதைக் கேட்டாலும் செய்து கொடுப்பாள். பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டுவிட்டு, சுங்கை பட்டாணியில் நாற்காலி செய்யும் தொழிற்சாலைக்குப் போனாள். அங்கே பெண்களுக்கு உப்புத்தாளால் பலகை தேய்க்கிற வேலைதான். இவள் மட்டும் சாப்பாட்டு நேரத்தில் பலகை வெட்டும் பக்கம் போய் நிற்பாள். விரட்டிப் பார்த்தார்கள், போகவில்லை. கடைசியில் வெட்டச் சொல்லி ஒரு பலகையைக் கையில் கொடுத்தார்கள். கல்யாணமாகிச் சில வருஷம் கழித்து அந்த வேலையை விட்டுச் சொந்தமாக ஆரம்பித்தாள். கணவன் புவனேசன் லாரி ஓட்டுகிறான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

பட்டறைக்கு எதிரே மலிவு விலை அடுக்குமாடிக் குடியிருப்பு. சனிக்கிழமைகளில் அங்கிருந்து பிள்ளைகள் வந்து வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். மின்சார வாள் ஓடும் இடத்தில் பிள்ளைகள் நின்றால் அவளுக்குப் பயம். போகச் சொன்னாலும் போக மாட்டார்கள். ஒருநாள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கைரம்பத்தை எடுத்துக் கொடுத்தாள். அப்படித்தான் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியது.

வருகிற பிள்ளைகளிடம் அவள் முதலில் சொல்வது ஒன்றுதான். "வீட்டுக்குப் போ. உங்க வீட்ல என்ன இல்லைன்னு பாரு. அது வைக்கிற இடத்தை அளந்துட்டு வா." அளவு நாடாவைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவாள். ஒருத்தன் துணி காயப்போடும் கொக்கிப் பலகை செய்தான். ஒருத்தி தாத்தாவின் மருந்துப் புட்டிகளுக்கு ஒரு தட்டு. இரும்பு ஆணியைக் கோணலாக அடித்து, பிடுங்கி, மறுபடி அடித்துத்தான் எல்லாரும் பழகினார்கள்.

தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படித்த தேவஷினி செருப்பு அலமாரி செய்யப்போவதாகச் சொன்னாள். "அம்மா வேலை முடிஞ்சு வர்றப்ப வாசல்ல எல்லா செருப்பும் கிடக்குது ஆண்ட்டி. காலால தள்ளிக்கிட்டே உள்ள வர்றாங்க." மூன்றாவது மாடியில் அவர்கள் வீட்டுக் கதவுக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவே இருந்த இடத்தை அவளே அளந்து வந்தாள். தொழிற்சாலையில் கழித்துப் போட்டதை வாங்கிப் பட்டறைக்குப் பின்னால் குவித்திருந்த பலகைகளில் தேடி எடுத்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் கோடு போட்டு, "மேல்", "கீழ்", "அம்மா வேலை சப்பாத்து" என்று தன் கோணல் எழுத்தில் எழுதி வைத்தாள்.

அவள் அம்மா பிரேமாவதி கூலிமில் மின்னணுச் சாமான் செய்யும் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவள். மகளின் உள்ளங்கையில் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு ஒருநாள் நேராகப் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"நான் ராத்திரி பகலா நிக்கிறது இவ படிச்சு மேல வரணும்னுதான்கா. இவளும் கையில காயம் வாங்கணுமா?"

"படிக்கட்டும்லா. நான் வேணாம்னா சொன்னேன்? சனிக்கிழமை மட்டும் விடுங்க."

பிரேமாவதி மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆனால் அடுத்த சனிக்கிழமை தடுக்கவில்லை.

பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம் தேவஷினி வரவில்லை. காய்ச்சல் என்றார்கள் பிள்ளைகள். அப்புறம், கொசுவால் வருகிற டிங்கி காய்ச்சல், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றார்கள். அடுத்த சனிக்கிழமை வருவதற்குள் பிள்ளை போய்விட்டாள்.

சவ அடக்கம் முடிந்த மறுநாள் சுகாதார இலாகா ஆட்கள் அந்த வட்டாரம் முழுக்கக் கொசுப் புகை அடித்தார்கள். குணசுந்தரியின் பட்டறைக்குப் பின்னால் மழைத்தண்ணீர் தேங்கிய பழைய வார்னிஷ் டின் ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்தன. அடுக்குமாடியின் பூந்தொட்டிகளிலும், சாக்கடையிலும், காலி வீட்டுக் கழிவறையிலும்கூட இருந்தன. "எந்தக் கொசு எங்கே கடிச்சதுன்னு யாராலயும் சொல்ல முடியாது அக்கா" என்று மலாயில் சொல்லிவிட்டு அவர்களில் ஓர் இளைஞன் டின்னைக் கவிழ்த்தான்.

அதைத்தான் புவனேசனும் திரும்பத் திரும்பச் சொன்னான். குணசுந்தரிக்கு அது ஆறுதலாக இல்லை. யாராலும் சொல்ல முடியாது என்றால், இல்லை என்றும் சொல்ல முடியாதுதானே? அந்த டின்னுக்குப் பக்கத்தில்தான் தேவஷினி குந்தி உட்கார்ந்து பலகைகளைப் பொறுக்குவாள்.

காரியம் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை பிரேமாவதி வந்து வாசலில் நின்றாள். முகம் வற்றிப் போயிருந்தது.

"அவ ஏதோ செஞ்சிக்கிட்டு இருந்தாளாமே."

குணசுந்தரி பலகைகளை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். "நான் முடிச்சு வீட்டுக்கே கொண்டு வந்து தர்றேன்."

"வேணாம்கா. நானே செய்றேன். சொல்லிக் குடுங்க."

அன்றிலிருந்து வேலை இல்லாத சனிக்கிழமைகளில் அவள் பிள்ளைகளோடு உட்கார்ந்தாள். முதலில் பிள்ளைகள் பேச்சை அடக்கிக்கொண்டார்கள். பிறகு பழகிவிட்டது. ரம்பம் சிக்கியபோது பக்கத்திலிருந்த சிறுமி, "அழுத்தக்கூடாது ஆண்ட்டி, அதுவா போகும். தேவாதான் எனக்குச் சொன்னா" என்றாள். பிரேமாவதி பிடியைத் தளர்த்தினாள். பிறகு அழுத்தாமல் இழுத்தாள்.

கடைசியில், அலமாரியைச் சேர்த்தபின், வார்னிஷ் பூசுமுன் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். பிரேமாவதி தாளை வாங்கினாள். பலகையில் மகளின் எழுத்து இருந்தது. தேய்த்தால் போய்விடும். அவள் தாளைக் கீழே வைத்தாள்.

"தேய்க்க வேணாம்" என்றாள் குணசுந்தரி. "அதுமேலயே பூசிடலாம். எழுத்து உள்ள நிக்கும்."

பிரேமாவதி அப்போதுதான் வாய்விட்டு அழுதாள். அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்த குணசுந்தரிக்கு, இனி சொல்லாமல் இந்தப் பெண்ணைத் தொட்டுக்கொண்டு நிற்பது திருட்டுத்தனமாகப் பட்டது. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, பட்டறைக்குப் பின்னால் இருந்த டின்னைப் பற்றிச் சொன்னாள். புழு இருந்ததை, பிள்ளை அங்கே உட்காருவதை, எதையும் மறைக்கவில்லை.

பிரேமாவதி கண்ணைத் துடைத்தாள். பின்பக்கம் போய் அந்த இடத்தைப் பார்த்தாள். திரும்பி வந்து கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை. அடுக்குமாடிக்கு டின்னைப் பற்றிய செய்தி பரவியிருந்தது. பாதிப் பிள்ளைகளை வீட்டில் அனுப்பவில்லை. குணசுந்தரி யார் மேலும் கோபப்படவில்லை. வந்த பிள்ளைகளுக்கு எப்போதும்போலச் சொல்லிக் கொடுத்தாள். இடையிடையே தெருவைப் பார்த்துக்கொண்டாள்.

அதற்கடுத்த வாரம் பிரேமாவதி வந்தாள். வார்னிஷைத் திறந்து, எழுத்தின்மேல் நிதானமாகப் பூசினாள். காயும்வரை பக்கத்திலேயே இருந்தாள். பண்டார் பாருவில் இருக்கும் தங்கை வீட்டுக்கே போய்விடப் போவதாகவும், இங்கே இனி இருக்க முடியவில்லை என்றும் சொன்னாள்.

"உங்களை மன்னிக்கணும்னும் எனக்குத் தோணல அக்கா. கோவிக்கணும்னும் தோணல. ரெண்டுக்கும் தெம்பு இல்ல."

"எனக்குத் தெரியும்."

"நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"முடியல, பிரேமா."

பிரேமாவதி தலையாட்டினாள். அலமாரியை இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தெருவைத் தாண்டி, படியேறி, மூன்றாவது மாடிக்குக் கொண்டுபோனார்கள். வீட்டைக் காலி செய்ய இன்னும் சில நாள்தான் இருந்தது. இருந்தாலும் கதவுக்கும் குழாய்க்கும் நடுவே வைத்துப் பார்த்தார்கள். சரியாகப் பொருந்தியது.

குணசுந்தரி பட்டறைக்குத் திரும்பியபோது நாலைந்து பிள்ளைகள் காத்திருந்தார்கள். அன்றைக்கு அவளால் வகுப்பு எடுக்க முடியவில்லை. குடிக்க மைலோ கலக்கிக் கொடுத்து, அடுத்த வாரம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டாள்.