சித்தப்பா படுத்துக்கொண்ட வாரம்

கத்தரி அக்காவிடம் தலையைக் கொடுத்தவர்கள் யாரும், தலைக்குள் இருப்பதையும் கொடுக்காமல் எழுந்து போனதில்லை. வீட்டின் முன்னறையில் சலூன், பின்னறையில் குடித்தனம். நாற்காலியில் உட்கார்ந்தவர் கம்ப்யூட்டர் கடைக்காரர் என்று தெரிந்தால் போதும், காதோரம் கத்தரியை நிறுத்திக்கொண்டு கேள்வியை ஆரம்பித்துவிடுவாள். பாதி வெட்டிய தலையோடு மனிதன் எங்கே ஓடுவான்? ஹார்ட் டிஸ்க் ஏன் சாகிறது, செத்தால் உள்ளே இருந்ததை எப்படி மீட்பது என்று எல்லாவற்றையும் கக்கிவிட்டுத்தான் இறங்குவான்.

இப்படித் தலைதலையாகப் படித்துத் தேறியவள், ஏதோ ஒரு ஆபீஸ் தூக்கிப் போட்ட பழைய கம்ப்யூட்டரை வாங்கி வந்து, துணி அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு சர்வரையே நிறுத்திவிட்டாள். வீட்டுப் படம், பாட்டு, வீடியோ எல்லாம் அதற்குள்தான். அது உறுமுகிற உறுமலில் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் தூங்கிப் பழகிவிட்டன, நிறுத்தினால் அழும் என்று பேச்சு. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் புருஷன், வேலைக்குப் போனாலும் மோட்டார், வீட்டுக்கு வந்தாலும் மோட்டாரா என்று முனகிக்கொண்டே அதற்கு மின்விசிறி மாட்டிக் கொடுத்தார்.

உள்ளே ஆறு டிஸ்க். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொந்தக்காரர் பெயர் வைத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாள். கடகடவென்று சத்தம் போடுவது மச்சான். எது கேட்டாலும் யோசித்து யோசித்துக் கொடுப்பது சித்தப்பா. கனத்த டிஸ்க் பெரியம்மா. பெரியப்பாவும் தம்பியும் உண்டு. ஆறாவதுதான் அத்தை. அத்தையிடம் படமும் கிடையாது, பாட்டும் கிடையாது. மற்ற ஐந்து பேர் வைத்திருப்பதையும் சேர்த்துப் போட்ட கணக்கு மட்டும் இருக்கும். கம்ப்யூட்டர் கடைக்காரர் அதைப் பாரிட்டி என்றார். குடும்பத்தில் யாராவது ஒருத்தர் காணாமல் போனால், மிச்சம் இருப்பவர்களை விசாரித்து, தன் கணக்கோடு தட்டிப் பார்த்து, போனவர் என்ன வைத்திருந்தார் என்று எழுத்துப் பிசகாமல் சொல்லிவிடுவாள் அத்தை. ஒரே நேரத்தில் இரண்டு பேர் போய்விட்டால் மட்டும் அத்தையும் உதட்டைப் பிதுக்கிவிடுவாள்.

அந்தச் சித்தப்பாவின் மடியில்தான் நாத்தனாரின் ஆமை இருந்தது.

நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை, அதே வீட்டில் இருப்பவள். பகலில் அச்சகத்தில் வேலை, மிச்ச நேரமெல்லாம் களிமண். ஒரு களிமண் ஆமை மாடிப்படி ஏறுவதை, காலை இம்மி நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் இம்மி நகர்த்தி ஒரு போட்டோ என்று எடுத்துப் படமாக்கிக்கொண்டிருந்தாள். அவள் ஆமை மேல் படிக்கு வந்து சேர்வதற்குள் நிஜ ஆமை உலகத்தைச் சுற்றி வந்து குளித்துச் சாப்பிட்டிருக்கும். கடைசிப் போட்டோ எடுத்த அன்றே அதைப் பிசைந்து பூத்தொட்டியாக்கிவிட்டாள். ஆக, ஆமை இருந்த ஒரே இடம் சித்தப்பா. வேறொரு இடத்திலும் ஒரு பிரதி எடுத்து வை, அத்தை இருக்கிற தைரியத்தில் சும்மா இருக்காதே என்று அக்கா சொல்லாத நாளில்லை. நாளைக்கு அண்ணி, நாளைக்கு அண்ணி என்று அவளும் சொல்லாத நாளில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குள் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்ப வேண்டும்.

புதன்கிழமை சித்தப்பா படுத்துக்கொண்டார். திரையில் அவர் பெயருக்கு நேரே சிவப்பு.

அக்கா அசரவில்லை. மாற்று டிஸ்க் ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தாள். ஆனால் அந்த நேரம் பார்த்து முன்னறையில் ஒரு வாத்தியார் தலை நிறையச் சாயத்தோடு உட்கார்ந்திருந்தார். எப்போதும் திரையில் வரும் சீரியல் நம்பரையும் டிஸ்க்கின் முதுகில் அச்சடித்த நம்பரையும் ஒத்துப் பார்த்துத்தான் கை வைப்பாள். அன்றைக்கு அவசரத்தில் ஸ்டிக்கரை மட்டும் பார்த்தாள். சர்வரை அணைத்து, சித்தப்பா என்று ஒட்டியிருந்ததைக் கழற்றி, புதியதை மாட்டி, மறுபடி போட்டாள்.

திரையில் இப்போது இரண்டு சிவப்பு. சித்தப்பாவும் இல்லை, மச்சானும் இல்லை. எல்லாவற்றையும் புதிதாக அமைத்துத் தரட்டுமா என்று சர்வர் பவ்யமாகக் கேட்டது.

பின்னால் நின்ற நாத்தனார் பதறிக்கொண்டு கீபோர்டுக்குக் கையை நீட்டினாள். "ஆமான்னு அமுக்குங்க அண்ணி, அதுவே சரி பண்ணிக்கும்."

"அமுக்கினா துடைச்சு வெச்சிட்டுத்தான் சரி பண்ணும். கைய எடு."

அக்கா தன் கையையும் எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அவளுடைய வித்தையே அதுதான். உலகமே இடிந்து விழுந்தாலும், எது விழுந்தது என்று தெரியாமல் தூக்கிவிடப் போக மாட்டாள். அணைத்துவிட்டு, கழற்றிய டிஸ்க்கைத் திருப்பி முதுகைப் படித்தாள். அது மச்சான்.

"இந்த ஸ்டிக்கர யாரு தொட்டது?"

நாத்தனார்தான். போன வாரம் தூசி தட்டும்போது எல்லாம் உரிந்து வந்ததாம். "நீங்க சித்தப்பாவுக்கு மேல மச்சான ஒட்டியிருந்தீங்க அண்ணி. மரியாதையாவா இருக்கு? அதான் வயசு வரிசையில ஒட்டிட்டேன்."

 அக்கா சிரித்த சிரிப்பில், மறந்துபோன வாத்தியார் முன்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் தலை அதற்குள் காக்காய்க் கூட்டம் சொந்தம் கொண்டாடும் கறுப்புக்கு வந்திருந்தது.

மச்சானைத் திரும்ப உட்கார வைத்து, நிஜச் சித்தப்பாவைக் கழற்றி, அந்த இடத்தில் புதியதை மாட்டினாள். அத்தை விசாரணையை ஆரம்பித்தாள். முடிய இரண்டு நாள் ஆகும் என்றது திரை. வீடு பூனை நடை நடந்தது. மெக்கானிக் தும்மக்கூட வாசலுக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை காலை, முக்கால்வாசி தாண்டியதும், மச்சான் பக்கத்தில் பிழைகள் ஏற ஆரம்பித்தன. மச்சானும் போனால் ஆமை போயே போச்சு. நாத்தனார் பூத்தொட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

அக்கா திரையை மூக்கு படும் அளவுக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்தாள். டிஸ்க்கில் படிக்க முடியாத இடம் எத்தனை என்று ஒரு எண் உண்டு, அது அசையவில்லை. வரும் வழியில் கெட்டுப்போன செய்தி எத்தனை என்று இன்னொரு எண் உண்டு, அதுதான் குதித்துக்கொண்டிருந்தது.

"மச்சான் நல்லாத்தான் இருக்காரு, அவர் பேசுற போன்தான் சரியில்ல," என்றாள். கழற்றி மாட்டியதில் கேபிள் நசுங்கியிருந்தது.

நிறுத்தி, கேபிளை மாற்றினால், விசாரணையை முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஞாயிறு மதியம் ஆகிவிடும். இன்னும் கொஞ்சம்தானே, இப்படியே ஓடட்டுமே என்று மெக்கானிக் கெஞ்சிப் பார்த்தார்.

"ஏங்க, கயிறு பிரிஞ்ச லிஃப்ட்ட, இன்னும் ரெண்டு மாடிதானேன்னு ஓட்டுவீங்களா?"

அவர் புதுக் கேபிளை எடுத்து நீட்டினார். நாத்தனாரைப் பார்த்தாள் அக்கா. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினாள். முக்கால்வாசி வந்ததை அக்கா மனசு கலங்காமல் நிறுத்தினாள். மலையின் முக்கால் உயரத்திலிருந்து, செருப்பு வார் அறுந்தது என்று கீழே இறங்கி வரும் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்?

ஞாயிறு மதியச் சாப்பாட்டை யாரும் தொடவில்லை. திரை பச்சையாகிப் பிழை எதுவும் இல்லை என்றது. நாத்தனார் போட்டோக்களைத் திறந்து ஓட விட்டாள். ஆமை முதல் படியில் காலை வைத்தது, மேல் படிக்கும் வந்து சேர்ந்தது, ஒரு நகம் குறையவில்லை. படம் அன்று மாலையே போட்டிக்குப் போனது. இன்னொரு பிரதி எதிர்வீட்டுக்குப் போனது, இந்த முறை நாளைக்கு என்று யாரும் சொல்லவில்லை.

ஸ்டிக்கர்களைப் பழையபடி மாற்றி ஒட்டிவிட்டு, ஒவ்வொன்றிலும் சீரியல் நம்பரின் வாலையும் எழுதினாள் அக்கா. புதிய டிஸ்க்கின் ஸ்டிக்கரில் நாத்தனார் என்று எழுதினாள்.

"எம் பேரா? ஏன் அண்ணி?"

"உன் ஆமை இப்ப அதுலதானே இருக்கு."

நாத்தனார் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. "ஆனா பெரியப்பாவுக்கு மேல ஒட்டியிருக்கீங்களே, எனக்கு வயசு..."

அக்கா கத்தரியை எடுத்துக் காற்றில் இரண்டு தடவை வெட்டினாள். "அதுல கை வெச்சே, அடுத்த தடவ மொட்டதான்."