இன்னொரு உலகத்து டெய்லர்

போன வியாழக்கிழமை காலை ஏழு மணி இருக்கும். லிந்துலை பஜாரில் என் தையல் கடையைத் திறந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. விஞ்ஞான மாஸ்டர்! யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே படிப்பிக்க வந்து ரெண்டு வருஷமாகிறது.

"அண்ணை, என்ரை காற்சட்டை?"

"பட்டன் மட்டும்தான் பாக்கி சேர்."

ஒரு டெய்லர் இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்? துணியை இன்னும் வெட்டவே இல்லை என்று அர்த்தம். உங்களுக்குத் தெரியாததா?

மாட்டிக்கொள்வதற்கு முன்னால் பேச்சை மாற்றினேன். "இப்ப பிள்ளைங்களுக்கு என்ன பாடம் போகுது சேர்?"

மாஸ்டருக்கு இது போதும். மழைக்கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"நேற்று ஒரு பிள்ளை கேட்டுது, வேற உலகங்கள் இருக்கோ எண்டு. இருக்கலாம் எண்டு சிலர் சொல்லினம் அண்ணை. அங்க உங்களைப்போலவே ஒருத்தர் இருப்பார். நீங்கள் இஞ்ச எடுக்காத முடிவை அவர் அங்க எடுத்திருப்பார்."

"அங்கயும் நான் டெய்லர்தானா?"

"அது தெரியாது. ஆனா அங்க என்ரை காற்சட்டை தைச்சு முடிஞ்சிருக்கும்."

சிரித்துவிட்டேன். ஆனாலும் மாஸ்டர் சொன்னது எனக்குப் புதிசில்லை. விஞ்ஞானிகள் சொல்வதற்கு முன்பே என்னிடம் அப்படி ஒரு ஆள் இருக்கிறான். முப்பது வருஷத்துக்கு மேலாகக் கூடவே வருகிறான்.

அவன் ஒரு வாத்தியார்.

சாதாரண தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். நேர்முகப் பரீட்சைக்குக் கடிதமும் வந்தது. என்ன பிரயோசனம்? பரீட்சை வெள்ளிக்கிழமை. கடிதம் என் கைக்கு வந்தது அடுத்த செவ்வாய்க்கிழமை. தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்து வீடுகளுக்கு அப்போது இலக்கம் ஏது? தோட்டத்துப் பெயர்தான் அத்தனை பேருக்கும் விலாசம். ஒரு கடிதம் எத்தனை கை மாறும், எந்த மேசையில் தூங்கும் என்று யாருக்குத் தெரியும்! கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்த மனிதர் சொன்ன வார்த்தை மட்டும் இன்றைக்கும் காதில் இருக்கிறது.

"இப்பத்தான் வந்துச்சு தம்பி."

அன்றிலிருந்து அந்த வாத்தியாரை நான் நன்றாகவே வளர்த்துவிட்டேன். வெள்ளைச் சட்டை, கையில் குடை, ரோட்டில் போனால் ரெண்டு பக்கமும் "வணக்கம் சேர்". ஒருநாள் என் மனைவியிடம் இதைச் சொன்னேன். ரொட்டியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "அத்தைக்கு மீசை முளைச்சா சித்தப்பா. அது சரி... அந்த சேருக்கு சம்சாரம் யாருங்க?"

நான் டீயைக் குடித்தேன். சில கேள்விகளுக்கு டீதான் பதில்.

மாஸ்டர் விடவில்லை. "சரி அண்ணை, பட்டன் இல்லாட்டிலும் பரவாயில்லை, ஒருக்கால் காட்டுங்கோ."

வேறு வழி? ஸ்கூல் யூனிபோர்ம் துணி மலைபோலக் குவிந்து கிடந்தது. அடியில் கிடக்கும் மாஸ்டரின் துணியைத் தேடி ஒவ்வொரு மடிப்பாகத் தூக்கினேன். நாலாவது மடிப்பிலிருந்து நீளமான காக்கி உறை ஒன்று காலடியில் விழுந்தது.

அரசாங்கக் கடிதம்!

தோட்டத்து மேல் டிவிசன் லயங்களுக்கு வரும் கடிதங்களைத் தபால்காரர் என் கடையில் கொடுத்துவிட்டுப் போவது வழக்கம். பஜாருக்கு வருகிறவர்கள் வாங்கிப்போவார்கள். போன வாரத்துக்கு முந்தின வாரம் அடைமழை. நனைந்து வந்த உறையைக் காயட்டும் என்று துணி மடிப்புக்குள் வைத்தது நான்தான். அதற்கு மேலே வெள்ளைத் துணியை அடுக்கியதும் நான்தான். பத்து நாள்!

பெயரைப் பார்த்தேன். கௌசல்யா. தேயிலைக் கொழுந்து பறிக்கும் லெச்சுமியின் மகள். நர்சிங் படிக்க விண்ணப்பம் போட்டிருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். உறை ஓரத்தில் பிரிந்திருந்தது. மாஸ்டரே எடுத்துப் பார்த்தார்.

"நேர்முகப் பரீட்சை அண்ணை. கண்டியில. நாளைக்குக் காலமை ஒன்பது மணிக்கு. கிராம சேவகர் சான்றிதழும் கொண்டுவரச் சொல்லியிருக்கு."

எங்கள் கிராம சேவகர் அலுவலகத்தில் இருப்பது செவ்வாயும் வியாழனும்தான். இன்று வியாழன். இதை விட்டால் இல்லை.

போன் எதற்கு இருக்கிறது என்று கேட்பீர்கள். மேல் டிவிசனில் சிக்னல் வேண்டுமென்றால் பைனஸ் மரம் வரைக்கும் நடக்க வேண்டும்!

"பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் நேரம் கிடக்கு. ஏறுங்கோ," என்றார் மாஸ்டர்.

மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் குலுங்கிக்கொண்டு ஏறியது. பின்னால் உட்கார்ந்திருந்த என் மனசுக்குள் ஒரு குரல். 'இப்பத்தான் வந்துச்சுன்னு சொல்லிரு.' யார் சந்தேகப்படப் போகிறார்கள்? எங்கள் ஊரில் கடிதம் பிந்தி வருவது மழை பெய்வது மாதிரி. யாரையும் யாரும் கேட்க மாட்டார்கள். மாஸ்டர்கூட, கடிதம் எப்போது வந்தது என்று கேட்கவில்லை.

கௌசி வாசலில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். கடிதத்தைப் படித்தவள் குடத்தை அப்படியே விட்டுவிட்டாள். தண்ணீர் வழிந்து ஓடியது.

"நாளைக்கா? அங்கிள், பேர்த் சர்ட்டிபிகேட் எல்லாம் ட்ரங்குப் பெட்டில. சாவி அம்மாகிட்ட..."

அம்மா மலையில். மாஸ்டர் பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப, நானும் கௌசியும் கொழுந்துக்காட்டுக்குள் ஏறினோம். கூடையோடு நின்ற லெச்சுமி என்னைக் கண்டதும் சிரித்தாள்.

"என்னா டெய்லரண்ணே, ரவிக்கைய மலைக்கே கொண்டாந்துட்டீங்களா?"

கௌசி விஷயத்தைச் சொன்னாள். லெச்சுமியின் சிரிப்பு போய்விட்டது.

"நாளைக்குப் பரீச்சைன்னா இன்னைக்கா கடுதாசி அனுப்புவாங்க? நாசமாப் போறவனுங்க. எப்ப வந்துச்சுண்ணே?"

வாய் வரை வந்தது, அந்தப் பழைய வாக்கியம். கௌசி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பத்து நாளாச்சும்மா. நான்தான் துணிக்குள்ள வச்சு மறந்துட்டேன்."

நிரையில் நின்ற அத்தனை பெண்களின் கையும் நின்றது.

"தீவாளிச் சட்டையைப் பொங்கலுக்குத் தருவீங்க, பொறுத்துக்கிட்டோம். இதுலயுமாண்ணே? கொழுந்தும் கடுதாசியும் ஒண்ணு. நாள் போனா முத்திரும், எதுக்கும் ஆகாது!"

திட்டிக்கொண்டே லெச்சுமி இடுப்பில் சுற்றியிருந்த படங்குச் சாக்கை விலக்கி, முந்தானை முடிச்சிலிருந்து சாவியை அவிழ்த்து மகளிடம் கொடுத்தாள். என் பக்கம் திரும்பினாள்.

"கடையப் பூட்டிட்டுக் கூடப் போங்க. கிராம சேவகர்கிட்ட கையெழுத்து வாங்காம வந்தீங்கன்னா என் கண்ணுல முழிக்காதீங்க."

போனேன். கிராம சேவகரை 'மஹத்தயா' என்று மரியாதையாகக் கூப்பிட்டு, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் குற்றத்தை இன்னொரு தடவை ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தாரே தவிர நேரம் கடத்தவில்லை. அங்கிருந்து பிரதேச செயலகத்தில் இன்னொரு கையெழுத்து. மூன்று மணிக்கெல்லாம் சான்றிதழ் கௌசியின் கையில். மறுநாள் முதல் பஸ்ஸில் தாயும் மகளும் கண்டிக்குப் போய்வந்தார்கள்.

இடம் கிடைக்குமா? தெரியாது. அது அவள் படிப்பு, அவள் வாய். பரீட்சை மேசைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள், எனக்கு அது போதும்.

அதற்குப் பிறகு அந்த வெள்ளைச் சட்டை வாத்தியார் என் நினைப்பில் அதிகம் வருவதில்லை. வேறொருத்தன் வருகிறான். துணி மடிப்பைத் தூக்காமலே இருந்துவிட்ட ஒரு டெய்லர். பிறகு ஒருநாள் கடிதத்தைக் கண்டெடுத்து, "இப்பத்தான் வந்துச்சும்மா" என்று கொடுத்துவிட்டவன். அவனை யாரும் திட்டவில்லை. லெச்சுமி அவனுக்கு டீகூட ஊற்றிக் கொடுத்திருப்பாள்.

என் கடிதத்தைக் கொண்டுவந்த மனிதருக்கு எங்கள் அம்மாவும் டீ ஊற்றிக் கொடுத்தார். அவரை நான் எத்தனை வருஷம் மனசுக்குள் திட்டியிருப்பேன்! உண்மையிலேயே இப்போதுதான் வந்ததோ, அல்லது அவருக்கும் ஒரு துணி மடிப்பு இருந்ததோ... யார் கண்டது? போகட்டும்.

நேற்று மாஸ்டர் மறுபடி வந்தார். "அண்ணை, பட்டன் வைச்சாச்சோ?"

"சேர்... துணிய இன்னும் வெட்டவே இல்ல."