விலை இறங்கிய அண்டா

பாகூரில் ஏறிய ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெயிலில் கறுத்த முகம், தூக்கமில்லாத கண்கள். பேருந்து வில்லியனூர் நோக்கிக் கிளம்பியதிலிருந்து போனைச் சட்டை நுனியால் துடைப்பதும் பார்ப்பதுமாக இருந்தார்.

எட்டிப் பார்ப்பது தவறுதான், பார்த்தேன். பழைய பொருள் விற்கும் இணையதளம். ஒரு பித்தளை அண்டாவுக்குள் மணி பிளான்ட் வைத்துப் படம் போட்டிருந்தார்கள்.

“எங்க அம்மாவோடது சார். விளிம்புல பேரு வெட்டியிருக்குது பாருங்க. யாருக்குன்னு எனக்கும் தம்பிக்கும் சண்டை. ரெண்டு பேருக்கும் வேணாம்னு எடைக்குப் போட்டுட்டோம். வாங்கினவன் இதுல போட்டுகிறான். வெலை எறங்கினா சத்தம் வர்ற மாதிரி வெச்சிகிறேன்.”

“நல்லதுதானே? எறங்கட்டும், வாங்கிடலாம்.”

“இன்னா சார் நல்லது? எறங்கினா தம்பிக்கும் கட்டுப்படியாவும். அவனும் பாத்துகினுதான் இருப்பான்.”

சொல்லி முடிக்கவில்லை, போன் ஒலித்தது. விலை பாதியாகியிருந்தது. அவர் அழுத்துவதற்குள் ‘விற்கப்பட்டது’ என்று வந்தது.

“வாங்கிட்டான்,” என்றார். முகம் இறுகிவிட்டது.

மறுபடி போன் அடித்தது. பார்த்ததும் திகைத்தார். “தம்பி சார். பேசி வருசக் கணக்காவுது.”

எடுத்தார். எதிர்க்குரல் எனக்கே கேட்டது. “இன்னாண்ணா, ஆசை தீர வாங்கிட்டியா?”

“நான் வாங்கலடா. நீ இல்ல?”

“நானும் இல்ல.”

பிறகு இருவருமே பேசவில்லை. வில்லியனூரில் நான் இறங்கும்போதும் அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. அந்தப் பக்கமும் வைத்ததாகத் தெரியவில்லை.